அரைத்த மசாலா ஆறு மாதம் தாங்க வேண்டுமா? முதலில் மூடியைப் பாருங்கள்

ஷஅபான் பிறந்ததும் நம் வீடுகளில் மிளகாயும் மல்லியும் காயப்போடும் வேலை தொடங்கிவிடும். நோன்புக் கஞ்சிக்கு, இஃப்தாருக்கு, பெருநாள் பிரியாணிக்கு என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு மூன்று கிலோ அரைத்து வைப்பது பல குடும்பங்களில் வழக்கம். மொட்டை மாடியில் இரண்டு நாள் நல்ல வெயில் கிடைத்தால் போதும், மில்லுக்குக் கொடுத்துவிடலாம்.

இந்த வழக்கத்துக்கு இனி வரும் ஆண்டுகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. ரமளான் ஆண்டுதோறும் பத்து, பதினோரு நாள் முன்னால் நகர்ந்து வருகிறது. 2026ல் பிப்ரவரியில் வரும் நோன்பு, 2030ல் ஜனவரி முதல் வாரத்தில் ஒரு முறையும் டிசம்பர் கடைசியில் இன்னொரு முறையும் வரும். 2033ல் நவம்பருக்கே வந்துவிடும். அப்போது ஷஅபான் மாதம் வடகிழக்குப் பருவமழைக்குள் விழும். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் மிளகாய் காயவைக்க வெயிலை எங்கே தேடுவது? மே, ஜூன் வெயிலிலேயே காயவைத்து அரைத்து, ஆறேழு மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய நிலை வரும். ஒரு மாதம் வைப்பதற்கு எந்த டப்பாவானாலும் போதும். மழைக்காலத்தைத் தாண்டி ஆறு மாதம் வைக்க அப்படி முடியாது.

மசாலாவைக் கெடுப்பவை நான்கு: ஈரம், காற்று, வெளிச்சம், சூடு. கிராம்பு, ஏலம், பட்டை, சீரகம் எல்லாவற்றிலும் மணம் தருவது அவற்றிலுள்ள எண்ணெய்தான். அது திறந்து வைத்தால் ஆவியாகிப் போகும் எண்ணெய். முழுதாக இருக்கும்வரை தோலும் ஓடும் அதைக் காப்பாற்றி வைத்திருக்கும். அரைத்துவிட்டால் அந்தக் காவல் போய்விடும். மிளகாயின் சிவப்பும் மஞ்சளின் நிறமும் வெளிச்சம் பட்டால் வெளுக்கும். பச்சை ஏலக்காய் கண்ணாடி பாட்டிலில் ஜன்னலோரம் இருந்தால் சில வாரங்களிலேயே வைக்கோல் நிறத்துக்கு வருவதைப் பலரும் பார்த்திருப்போம்.

மணமும் நிறமும் போனால் பணம்தான் நட்டம். ஈரம் ஏறினால் நட்டம் உடம்புக்கு. நன்றாகக் காய்ந்த மிளகாயில் நீர்ச்சத்து நூற்றுக்குப் பத்து பதினொன்று பங்குக்கு மேல் இருக்காது. ஆனால் காய்ந்த தூள் சும்மா இருப்பதில்லை. சுற்றியுள்ள காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காற்றில் ஈரப்பதம் எழுபது சதவீதத்தைத் தாண்டினால், திறந்து கிடக்கும் தூளில் பூசணம் வளரும் அளவுக்கு ஈரம் ஏறிவிடும். மழைக்காலத்தில் கடலோர ஊர்களில் எண்பதைத் தாண்டுவது சாதாரணம்.

மிளகாய், மல்லி, ஜாதிக்காய், நிலக்கடலை போன்றவற்றில் வரும் ஒருவகைப் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. அவற்றுக்குத் தீனியாகப் போட்ட கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோதுதான் இந்த நச்சு கண்டுபிடிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியாகத் தெரிந்த முதல் பிரிவிலேயே இதை வைத்திருக்கிறது. பாதிக்கப்படுவது முக்கியமாகக் கல்லீரல். இந்த நச்சுக்கு நிறமோ மணமோ கிடையாது. சாதாரணச் சமையல் சூட்டில் முழுதாக அழியவும் செய்யாது.

பூசணம் பிடித்த எல்லாவற்றிலும் இந்த நச்சு இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் இருக்கிறதா, இல்லையா என்று வீட்டில் சோதித்துப் பார்க்க வழியில்லை. அதனால் கட்டி தட்டிப்போய், மக்கிய வாடை அடிக்கும் மிளகாய்த்தூளை "மறுபடி வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும்" என்று வைத்துக்கொள்ளக் கூடாது. மேலாக இருக்கும் பூசணத்தை மட்டும் வழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்துவதும் தவறு. விலை கொடுத்து வாங்கியதைக் கொட்ட மனம் வராதுதான். இந்த ஒரு விஷயத்தில் மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு நல்ல டப்பாவாக இருந்தாலும், ஏற்கனவே கெட்டுப்போன மிளகாயை அது சரியாக்காது. வாங்கும்போதே நாலைந்து வற்றலை உடைத்து உள்ளே பாருங்கள். வெளியே பளபளவென்று சிவந்திருக்கும்; உள்ளே சாம்பல் நிறத்தில் பூசணம் படிந்திருக்கும். அந்த மூட்டையை விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போவதே நல்லது.

மூடியில்தான் எல்லாம்

டப்பா வாங்கும்போது பெரும்பாலோர் பார்ப்பது அழகு, அளவு, விலை. பார்க்க வேண்டியது மூடி. எவர்சில்வரா, கண்ணாடியா, பிளாஸ்டிக்கா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். காற்றும் ஈரமும் டப்பாவின் சுவர் வழியாக நுழைவது மிகக் குறைவு. மூடி இடுக்கு வழியாக நுழைவதே அதிகம்.

நம் வீடுகளில் தலைமுறையாக இருக்கும் எவர்சில்வர் சம்படங்களில் மூடி மேலே கவிழ்த்து அழுத்தும் வகை. எறும்பும் கரப்பானும் உள்ளே போகாது. ஆனால் காற்று தாராளமாகப் போய் வரும். அரிசி, பருப்பு, முழு மிளகாய் ஆகியவற்றுக்கு அது போதும். ஆறு மாதம் வைக்க வேண்டிய தூளுக்குப் போதாது. திருகு மூடியோ, பக்கவாட்டில் கொக்கி மாட்டிப் பூட்டும் மூடியோ, உள்ளே ரப்பர் அல்லது சிலிகான் வளையம் உள்ள மூடியோதான் தேவை. இப்போது எவர்சில்வரிலேயே வளையம் வைத்த மூடியோடு டப்பாக்கள் வருகின்றன. கொஞ்சம் விலை கூடுதல், கொடுக்கலாம்.

மூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு டிஷ்யூ காகிதத்தை மடித்துக் காலி டப்பாவுக்குள் போட்டு, இறுக மூடி, வாளித் தண்ணீருக்குள் முழுதாக அமிழ்த்திப் பத்து நிமிடம் பிடியுங்கள். மேலே பாத்திரத்தையோ கல்லையோ பாரமாக வைத்துவிடலாம். எடுத்து, வெளியே நன்றாகத் துடைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். காகிதம் உலர்ந்திருந்தால் அந்த டப்பாவை நம்பலாம். நனைந்திருந்தால் அது அன்றாடம் எடுத்துப் புழங்குவதற்கு மட்டும்தான். வீட்டிலிருக்கும் பழைய டப்பாக்களையும் ஒரு நாள் உட்கார்ந்து இப்படிச் சோதித்துவிடலாம். பிள்ளைகளிடம் கொடுத்தால் விளையாட்டாகவே செய்து முடிப்பார்கள்.

ரப்பர் வளையம் நாளாக ஆகத் தளர்ந்து, வெடிப்பு விடும். கழற்றிக் கழுவும்போது ஒருமுறை இழுத்துப் பாருங்கள். வளையத்துக்கு அடியில் ஈரம் தேங்கிக் கறுப்பாகப் பூசணம் பிடிப்பதும் உண்டு. டப்பாவைப் பளபளவென்று தேய்த்துவிட்டு இதைக் கவனிக்காமல் விடுவது பல வீடுகளில் நடப்பதுதான்.

எவர்சில்வரும் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும்

தூள் வகைகளை நெடுநாள் வைக்க நம் தேர்வு எவர்சில்வர்தான். வெளிச்சம் உள்ளே போகாது, வாடை ஊறாது, உடையாது. கடையில் 304 என்றும் 202 என்றும் சொல்லி இரண்டு விலை சொல்வார்கள். 304 என்பது 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்தது. 202ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். துரு பிடிக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். காய்ந்த மசாலாவுக்கு 202 போதும். அதற்காக 304க்குப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2024ல் எவர்சில்வர் பாத்திரங்களுக்கு மத்திய அரசு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

உப்பையும் புளியையும் மட்டும் எவர்சில்வரில் வைக்காதீர்கள். எவ்வளவு உயர்ந்த எவர்சில்வராக இருந்தாலும், ஈரம் பட்ட உப்பு அதில் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். இரண்டுக்கும் பழைய பீங்கான் ஜாடியோ கண்ணாடியோதான் சரி. கடலோர ஊர்களில் இது இன்னும் முக்கியம்.

வண்டு வராமலிருக்க மிளகாய்த்தூளில் கல் உப்பைப் போட்டு வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. வறண்ட ஊரில் அது சரியாக இருக்கலாம். கடற்கரை ஊரில் கல் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானே கசியும். பக்கத்திலுள்ள தூளையும் நனைக்கும். அதற்குப் பதிலாகக் கட்டிப் பெருங்காயத்தை ஒரு துண்டு போடலாம் என்பார்கள். வாடை பிடித்துக்கொள்ளும் என்பதால் பிரியாணி மசாலாவில் அதையும் போட மாட்டோம்.

கண்ணாடி பாட்டிலும் மசாலாவோடு ஒட்டாது, வாடை பிடிக்காது, கழுவினால் புதிதாகிவிடும். வெளிச்சம்தான் குறை. மூடிய அலமாரிக்குள் வைத்தால் அந்தக் குறையும் இல்லை. ஒரு காலத்தில் ஹார்லிக்ஸ் பாட்டில் இல்லாத சமையலறை இருக்காது. அந்தத் தடித்த கண்ணாடியும் அகன்ற வாயும் மசாலாவுக்கென்றே செய்தது போலிருக்கும். ஊறுகாய், ஜாம் வந்த பாட்டிலைத் திரும்பப் பயன்படுத்துபவர்கள் பாட்டிலைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். மூடியை மட்டும் மாற்றுங்கள். மூடியின் உள்பக்கம் உள்ள மென்மையான பூச்சில் ஊறிய ஊறுகாய் வாடை எத்தனை முறை கழுவினாலும் போகாது. ஏலக்காயைப் போட்டு வைத்தால் ஒரு வாரத்தில் மாங்காய் மணம் வரும்.

இப்போது இணையத்தில் மூங்கில் மூடி போட்ட கண்ணாடி ஜாடிகள் நிறைய விற்கின்றன. பார்க்க மிக அழகு. சிலிகான் வளையம் இறுக்கமாக இருந்தால் மூடியும் நன்றாகவே நிற்கும். ஆனால் மரமும் தக்கையும் ஈரம் குடிப்பவை. மழைக்காலத்தில் அந்த மூடியிலேயே பூசணம் பூத்துவிடும். அவற்றை அடுப்புக்குப் பக்கத்தில் திறந்த தட்டில் வரிசையாக அடுக்கி வைக்கும் பழக்கமும் கூடவே வந்திருக்கிறது. படம் எடுக்க நன்றாக இருக்கும் என்பதைத் தவிர மசாலாவுக்கு அதில் ஒரு நன்மையும் இல்லை.

பிளாஸ்டிக்கை முற்றிலும் ஒதுக்கச் சொல்லவில்லை. அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 2, 5 ஆகியவை உணவுப் பொருள் வைக்கப் பொதுவாக ஏற்றவை. 1 என்ற எண் உள்ளவை தண்ணீர், குளிர்பான பாட்டில் வகை. காய்ந்த பொருளுக்குச் சில காலம் பயன்படுத்தலாம். ஆனால் அந்தக் குறுகிய வாய் வழியாக உள்ளே கழுவித் துடைப்பது முடியாத காரியம். அடியில் தங்கும் ஒரு சொட்டு ஈரமே போதும் தூளைக் கெடுக்க. 6 என்ற எண் உள்ள கண்ணாடி போன்ற மொறுமொறுப்பான பிளாஸ்டிக்கில் கிராம்பை வைக்கவே கூடாது. கிராம்பு எண்ணெய் அந்தப் பிளாஸ்டிக்கையே மங்கச் செய்து விரிசல் விட வைக்கும். எடைக்கு விற்கும் அடர்நிற மலிவு டப்பாக்களில் எண்ணே இருக்காது. அவற்றைத் துணி கிளிப் போட்டு வைக்க வாங்கலாம், சமையலறைக்கு வேண்டாம். பினாயிலும் பூச்சி மருந்தும் வந்த டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் உணவுக்கு எடுக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நல்ல பிளாஸ்டிக்கிலும் ஒரு குறை உண்டு. ஈரத்தை அது தடுக்கும். மணத்தை முழுதாகத் தடுக்காது. மிளகாய்த்தூள் வைத்த பிளாஸ்டிக் டப்பா சிவப்பாகவே மாறிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். தூளிலுள்ள எண்ணெய் பிளாஸ்டிக்குக்குள் ஊறுவதால் வரும் நிறம் அது. அதில் அடுத்து எதைப் போட்டாலும் மிளகாய் நெடி வரும். ஆகவே பிளாஸ்டிக்கில் ஒரு டப்பா ஒரு பொருளுக்கு மட்டும்.

கடையில் வாங்கும் மசாலா பாக்கெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளே வெள்ளி போல மின்னும் அந்தக் கவர் காற்று, ஈரம், வெளிச்சம் மூன்றையும் தடுப்பதற்கென்றே பல அடுக்காகச் செய்யப்படுவது. அதை வெட்டித் தூளை டப்பாவில் கொட்டிவிட்டுக் கவரைக் குப்பையில் போடுகிறோம். கவரின் வாயைச் சுருட்டி, கிளிப் மாட்டி, கவரோடு டப்பாவுக்குள் வைப்பதே மேல். காலாவதித் தேதியும் அதிலேயே இருக்கும்.

அஞ்சறைப்பெட்டியில் என்ன வைக்கலாம்?

அஞ்சறைப்பெட்டி நம் சமையலின் கைப்பெட்டி. அது சேமிக்கும் பெட்டி அல்ல. ஒரு மூடியைத் திறந்தால் எல்லா அறைகளும் ஒன்றாகத் திறக்கும். அடுப்பின் ஆவி எல்லாவற்றிலும் படியும். கடுகு, வெந்தயம், சீரகம், சோம்பு, மிளகு, உளுத்தம்பருப்பு போன்ற முழுப் பொருட்கள் அதற்குத் தாங்கும். ஏலக்காய், கிராம்பு, அரைத்த கறி மசாலா, பட்டைத்தூள் ஆகியவை தாங்காது. ஒன்றின் மணம் இன்னொன்றில் ஏறி, கடைசியில் எதற்கும் தனி மணம் இருக்காது. ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அதில் போட்டு, காலியானதும் துடைத்து உலர்த்தி மறுபடி நிரப்புவது நல்லது. பழையதன் மேலேயே புதியதைக் கொட்டிக்கொண்டே போனால் அடியில் இருப்பது வருடக் கணக்கில் அங்கேயே கிடக்கும்.

பரம்பரையாக வந்த பித்தளைச் செல்லப்பெட்டிகளையும் டப்பாக்களையும் சிலர் இப்போது மீண்டும் எடுத்துப் புழங்குகிறார்கள். நன்றாகக் காய்ந்த முழுப் பொருளுக்குப் பரவாயில்லை. உப்பு, புளி, மாங்காய்ப்பொடி போன்றவற்றைப் பித்தளையில் வைக்கக் கூடாது. உள்ளே ஈயம் பூசக் கொடுத்தால், பூசுவது வெள்ளீயம்தானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். காரீயம் நஞ்சு. தமிழில் இரண்டையும் "ஈயம்" என்றே சொல்லிவிடுவதால் வரும் குழப்பம் சின்னதல்ல. உள்பக்கம் வண்ணப் பூ வேலை செய்த அலங்காரப் பீங்கான் ஜாடிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மலிவான வண்ணப் பூச்சில் காரீயம் கலந்திருக்கக் கூடும்.

மில்லிலிருந்து வந்த பிறகு

நல்ல டப்பா வாங்கி வைத்திருந்தும் மசாலா கெடுகிறது என்றால், பெரும்பாலும் காரணம் முதல் நாளிலேயே இருக்கும். மில்லில் அரைத்த தூள் சூடாக வரும். வீட்டுக்கு வந்ததும் அப்படியே டப்பாவில் அமுக்கி மூடிவிட்டால், சூடு ஆறும்போது மூடியின் உள்பக்கம் வியர்த்து, அந்த நீர் தூளிலேயே இறங்கும். அகலமான தாம்பாளத்திலோ சுத்தமான பருத்தித் துணியிலோ பரப்பி, நிழலில் முழுதாக ஆறவிட்டே அடைக்க வேண்டும். மாலை ஈரக்காற்று இறங்குவதற்கு முன் அடைத்துவிட வேண்டும். செய்தித்தாளில் பரப்ப வேண்டாம். அச்சு மை உணவில் படியும் என்பதால் உணவுப் பொருளைச் செய்தித்தாளில் வைத்துக் கொடுக்கவே கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்திருக்கிறது.

டப்பாவையும் கழுவிய அன்றே நிரப்பக் கூடாது. துடைத்து, வெயிலில் ஒரு பகல் கவிழ்த்து வைத்து, மறுநாள் நிரப்புங்கள். திருகு மூடியின் மடிப்புகளில் தண்ணீர் நிற்கும், அதையும் பாருங்கள்.

எந்த அளவில் வாங்குவது? ஒரு கிலோ மிளகாய்த்தூளுக்கு இரண்டு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான இடம் வேண்டும். இரண்டு கிலோ அரைத்தால் ஐந்து லிட்டர் டின் ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம் என்று தோன்றும். அது வேண்டாம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மொத்தத் தூளும் காற்றைக் குடிக்கும். தூள் குறையக் குறைய உள்ளே காற்று கூடிக்கொண்டே போகும். அதற்குப் பதிலாக நாலு ஒரு லிட்டர் டப்பாக்களும், கைப்புழக்கத்துக்கு அரை லிட்டரில் ஒன்றும் வாங்குங்கள். அரை லிட்டர் டப்பாவில் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கொள்ளும். ஒரு நாளைக்கு இருபது கிராம் செலவாகும் வீட்டில் அது பத்துப் பன்னிரண்டு நாளுக்கு வரும். அந்த நாட்களில் மற்ற டப்பாக்களைத் திறக்கவே தேவையில்லை. மிளகாய்த்தூளுக்குச் சொன்ன இந்த முறையே மல்லித்தூளுக்கும் கறி மசாலாவுக்கும்.

இன்னும் ஒரு படி மேலே போய், எல்லாவற்றையும் அரைக்காமல் விடுவதும் நல்ல யோசனை. பட்டை, கிராம்பு, ஏலம், ஜாதிக்காய், ஜாதிபத்திரி ஆகியவை முழுதாக நல்ல மூடியில் இருந்தால் ஒரு வருடத்துக்கும் மேல் மணத்தோடு இருக்கும். அரைத்துவிட்டால் மூன்று மாதத்திலேயே பாதி மணம் போய்விடும். ஏலக்காய் விற்கும் விலைக்கு அதைக் கால் கிலோ அரைத்து வைப்பது பணத்தைக் காற்றில் விடுவது போல. கரம் மசாலாவை மட்டும் மாதத்துக்கு ஒருமுறை மிக்ஸியில் ஐம்பது கிராம் அரைத்துக்கொண்டால் போதும்.

சஹருக்கு எழுந்து தூக்கக் கலக்கத்தில் சமைக்கும்போது ஈரக் கரண்டி டப்பாவுக்குள் போவது எளிது. ஒவ்வொரு டப்பாவிலும் அதற்கென்று ஒரு சிறு கரண்டியைப் போட்டே வைத்துவிட்டால் இந்த வம்பு இல்லை. கொதிக்கும் ஆணத்துக்கு மேல் டப்பாவைச் சாய்த்துத் தட்டுவதையும் விட்டுவிட வேண்டும். ஆவி நேரே டப்பாவுக்குள் போகும். ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போடுவதற்கு ஐந்து விநாடி ஆகும், அவ்வளவுதான்.

வைக்கும் இடம், அடுப்புக்கு மேலுள்ள அலமாரியாக இருக்கக் கூடாது. சூடும் ஆவியும் சேர்ந்து ஏறும் இடம் அதுதான். ஃப்ரிட்ஜின் தலையும் சூடான இடம்தான். அடுப்புக்கு எதிர்ச் சுவரில், கதவு போட்ட அலமாரியின் கீழ்த்தட்டு நல்லது. ஆறு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டியதை இரட்டைக் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைக்கலாம். மிளகாயிலும் மல்லியிலும் மஞ்சளிலும் வரும் சிறு பழுப்பு வண்டுகளின் முட்டையும் அங்கே ஒரு வாரம் இருந்தால் செத்துவிடும். வெளியே எடுத்ததும் உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த டப்பாவைத் திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் தூளில் பனியாகப் படியும். இரவில் எடுத்து வெளியே வைத்துவிட்டு, காலையில் திறந்தால் சரி. தினமும் எடுத்து எடுத்து உள்ளே வைப்பதாக இருந்தால் ஃப்ரிட்ஜே வேண்டாம்.

செருப்பு, பை பெட்டிகளோடு வரும் சிறு சிலிகா பொட்டலங்களை மசாலா டப்பாவில் போடச் சொல்லி இப்போது குறிப்புகள் சுற்றுகின்றன. அவை உணவுக்காகச் செய்தவை அல்ல. நீல நிறத்தில் இருக்கும் மணிகளில் கோபால்ட் குளோரைடு சேர்த்திருப்பார்கள். பொட்டலம் கிழிந்தால் அது நம் கஞ்சியில்தான் சேரும்.

டப்பாவின் மேல் பெயரும் அரைத்த தேதியும் எழுதி ஒட்டுங்கள். பெயர் எதற்கு, பார்த்தாலே தெரியாதா என்று கேட்கலாம். மைதா, ஆப்ப சோடா, கரப்பானுக்குப் போடும் போரிக் பொடி மூன்றும் பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும். போரிக் பொடியையும் எறும்புப் பொடியையும் மசாலா டப்பா மாதிரியே ஒரு டப்பாவில் போட்டு அதே அலமாரியில் வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. விருந்துக்கு வந்த உறவுக்காரப் பெண் உதவிக்கு வந்து சமையலறையில் நின்றால் அவருக்கு எது எது என்று எப்படித் தெரியும்? இந்த மாதிரிப் பொடிகள் சமையலறைக்கு வெளியே, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், வாங்கிய பாக்கெட்டோடு இருக்கட்டும்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் மசாலா

மகனுக்கும் கணவருக்கும் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ மசாலா கொடுத்தனுப்பாத வீடு நம்மில் குறைவு. பயணத்துக்குக் கண்ணாடியும் வேண்டாம், கனமான எவர்சில்வரும் வேண்டாம். தடிமனான ஜிப் கவரில் தூளைப் போட்டு, காற்றை முழுதாக அழுத்தி வெளியேற்றி, அதை இன்னொரு கவரில் போட்டு, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடக்கினால் பெட்டியில் நெடி அடிக்காது. மாசித்தூளும் கருவாடும் தனிப் பெட்டியாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு கிலோவை ஒரே பொதியாகக் கட்டாமல் கால் கிலோ கவர்களாகக் கட்டினால், அங்கே அறையில் நாலு பேரோடு தங்கியிருப்பவர் ஒவ்வொன்றாகத் திறந்து பயன்படுத்த வசதி. ஏசி அறையிலிருந்து சூடான சமையலறைக்குக் கவரைக் கொண்டுபோனால் உடனே திறக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புங்கள்.

கவரில் கட்டுவதற்கு முன் கவனிக்க வேண்டியது கசகசா. ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் கசகசா போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. விமான நிலையத்தில் பிடிபட்டால் சிறை வரைக்கும் போகும். தனிப் பொட்டலமாக மட்டுமல்ல, குருமா மசாலாவில் சேர்த்து அரைத்திருந்தாலும் அதுதான் நிலை. அனுப்பும் மசாலாவைத் தனியாக, கசகசா சேர்க்காமல் அரைத்து, கவரின் மேல் அதில் என்னென்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். குருமா கெட்டியாக வேண்டுமென்றால் அங்கேயே கொஞ்சம் முந்திரியை ஊறவைத்து அரைத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.